பின் பேட்டரிக்கும் ஒரு பியூஸ்

மன்னார்குடி பக்கம் ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறேன். டிராக்டர் செல்ஃப், அறுவடை மெஷின் லைட், மினி பஸ் டைனமோ என்று வந்ததெல்லாம் செய்வேன். பத்துப் பன்னிரண்டு வருடமாக இளவட்டங்கள் கார் ஆடியோவோடு வருகிறார்கள். டிக்கியில் 12 இன்ச் சப்வூஃபர் இரண்டு, மோனோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) ஒன்று. திருவிழாவில் எஞ்சினை அணைத்துவிட்டுப் பாட்டுப் போட வேண்டும், விடிந்ததும் வண்டி ஒரே செல்ஃபில் கிளம்பவும் வேண்டும். அதற்குத்தான் இரண்டாவது பேட்டரி. பேட்டரியை வைப்பது பெரிய வேலை இல்லை. முன்னாலிருந்து பின்னால் போகும் அந்த ஒரு வயர்தான் வேலை.

2018-ல், கஜா புயலுக்கு ஒன்பது மாதம் முன்னால், ஒரு மாசி ராத்திரி. நான் வயரிங் செய்துகொடுத்த சுமோ ஒன்று திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே களத்து மேட்டில் நின்றிருக்கிறது. பக்கத்திலேயே வைக்கோல் போர். பதினோரு மணிக்குப் போன் வந்தது.

"அண்ணே, வண்டிக்குள்ள புகையுதுண்ணே. சாவியே போடல."

"முதல்ல பேட்டரியைக் கழட்டு தம்பி."

"கழட்டிட்டேன்ணே. பானெட்டைத் திறந்து ரெண்டு டெர்மினலையும் எடுத்துட்டேன். இன்னும் புகையுது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "பின்னாடி இருக்கறதைக் கழட்டு! துணியைச் சுத்திக்கிட்டுக் கழட்டு!"

கழற்றிவிட்டான். வண்டி பிழைத்தது. தரைவிரிப்பும் ஒரு சீட்டின் அடிப்பக்கமும் போயின. காலையில் போய்ப் பார்த்தேன். சம்பா அறுவடை முடிந்தால் வயல் எலிக்குப் போக்கிடம் இல்லை, நிற்கிற வண்டிக்குள் ஏறிவிடும். கதவுப் படிக்குக் கீழே போன வயரின் தோலை எலி கடித்து, செம்பு வெளியே வந்து, பாடித் தகட்டில் பட்டிருக்கிறது. பானெட்டுக்குள் நான் போட்டிருந்த பியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். பொட்டுக்கூடக் கருகவில்லை, புதுசு மாதிரி இருந்தது.

அது ஏன் போகவில்லை? இரண்டு பேட்டரியையும் சேர்க்கவும் பிரிக்கவும் செய்யும் சுவிட்சுதான் ரிலே, அதை முன் பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். சாவி இல்லாதபோது ரிலே திறந்திருக்கும், அதாவது இணைப்பு விட்டிருக்கும். ஆக, ரிலேயிலிருந்து டிக்கி வரை போகிற நாலரை மீட்டர் வயருக்கும் முன் பேட்டரிக்கும் அந்த நேரத்தில் சம்பந்தமே கிடையாது. அந்த வயரைப் பிடித்திருந்தது பின் பேட்டரி மட்டும்தான். அதன் பக்கம் நான் பியூஸ் போடவில்லை. "கரண்ட் முன்னால் இருந்து பின்னால் போகிறது, முன்னால் பியூஸ் இருக்கிறது, போதும்" என்று நினைத்திருந்தேன். தப்பு என்னுடையது. அந்த வேலைக்குக் காசு வாங்காமல் திரும்பச் செய்துகொடுத்தேன்.

நம் ஊரில் இதைப் புரியவைப்பது சுலபம். தலைமடையில் ஷட்டரை இறக்கினால் வாய்க்காலில் தண்ணீர் நின்றுவிடும் என்பது மேட்டுப் பக்கத்து ஆள் பேச்சு. கடைமடைக்காரனிடம் கேளுங்கள். ஆறு கடலில் சேரும் இடங்களில் ரெகுலேட்டர் கட்டிவைத்திருப்பது எதற்கு? கடல் தண்ணீர் ஏறி வயலுக்குள் வராமல் இருக்க. இரண்டு பேட்டரிக்கு நடுவில் போகும் வயர் அப்படிப்பட்ட வாய்க்கால். இரண்டு பக்கத்திலிருந்தும் தண்ணீர் வரும், இரண்டு பக்கமும் ஷட்டர் வேண்டும்.

வரும் தண்ணீர் கொஞ்சநஞ்சமும் இல்லை. நல்ல கார் பேட்டரியை நேராக ஷார்ட் செய்தால் 1000 ஆம்பியருக்கு மேலேயே கொடுத்துவிடும். 25 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு வயர் ஒரு மீட்டரின் தடை கிட்டத்தட்ட 0.7 மில்லி ஓம். அதில் 1000 ஆம்பியர் ஓடினால் மீட்டருக்கு ஏறக்குறைய 700 வாட் சூடு. ஒவ்வொரு மீட்டருக்கும் ஓர் இஸ்திரிப் பெட்டியை ஆன் செய்து தரைவிரிப்புக்கு அடியில் வைத்தது போல. "12 வோல்ட்தானேண்ணே, ஷாக்கே அடிக்காதே" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். ஷாக் அடிக்காது, கொளுத்தும்.

சரி, வேலைக்கு வருவோம்.

பியூஸ் ஆம்பைக் காப்பாற்ற இல்லை. ஆம்பைக் காப்பாற்ற ஆம்பிலேயே பியூஸ் வைத்துத்தான் அனுப்புகிறார்கள். நாம் பேட்டரியிடம் போடும் பியூஸ் வயரைக் காப்பாற்ற. அதனால் பியூஸின் நம்பரை முடிவு செய்வது வயரின் பருமன்தான், ஆம்பின் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் வாட் இல்லை. அந்த வாட்டை நம்பினால் பாதிப் பேர் வீட்டு டிரான்ஸ்பார்மரையே டிக்கியில் தூக்கி வைக்க வேண்டியிருக்கும்.

ஆம்ப் எவ்வளவு இழுக்கும் என்று தெரிய அதன் பியூஸ்களைக் கூட்டுங்கள். 30 ஆம்பியர் மூன்று இருந்தால் 90. அதைத் தாங்கும் வயர் முதலில், அந்த வயருக்கு ஏற்ற பியூஸ் அப்புறம். சுத்தச் செம்பு வயருக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது: 10 ஸ்கொயருக்கு 50 ஆம்பியர், 16-க்கு 80, 25-க்கு 100, 35-க்கு 125, 50-க்கு 175. இதைவிடக் கூடுதலாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சித்திரை வெயிலில் கதவு அடைத்து நிற்கும் வண்டிக்குள், விரிப்புக்கு அடியில் போகிற வயருக்கு நான் போட மாட்டேன். மேலே சொன்ன 90 ஆம்பியர் ஆம்புக்கு 25 ஸ்கொயர் வயர், 100 ஆம்பியர் பியூஸ். இங்கே வரும் வண்டிகளில் முக்கால்வாசி இதிலேயே அடங்கிவிடும்.

மெல்லிய வயர் போட்டால் வோல்ட்டும் குறையும். 5 மீட்டர் ஓட்டத்தில் 100 ஆம்பியர் போனால் 25 ஸ்கொயரில் 0.34 வோல்ட் போய்விடும், 16-ல் 0.54. டைனமோ 14.2 கொடுத்தாலும் பின் பேட்டரிக்கு 13.7-க்குக் கீழேதான் போய்ச் சேரும்.

வயர் வாங்கும்போது ஒன்று பாருங்கள். பளபள என்று பட்டை பட்டையாகத் தோல் வைத்து, கட்டைவிரல் மொத்தம் இருக்கும் வயரை ஆடியோ வயர் என்று மலிவாகக் கொடுப்பார்கள். நுனியை வெட்டி, ஓர் இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியத்துக்குச் செம்பு முலாம். செம்பில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் அது கரண்ட்டைக் கடத்தும். அதையே போட்டுத் தீர வேண்டும் என்றால் ஒரு சைஸ் கீழே இறக்கிக் கணக்குப் போடுங்கள்: 25 என்றால் 16 என்று நினைத்து 80 பியூஸ். தோல்தான் மொத்தம், உள்ளே இழை கொஞ்சம் என்ற ஏமாற்று வேறு இருக்கிறது. நான் வெல்டிங் கேபிள் கடைக்குப் போய்விடுவேன். சுத்தச் செம்பா என்று கேட்டு, சுரண்டிப் பார்த்து, மீட்டர் கணக்கில் வாங்குவேன். அழகாக இருக்காது, வளைந்துகொடுக்கும், உழைக்கும்.

பியூஸ் எங்கே? பேட்டரி டெர்மினலிலிருந்து 18 அங்குலத்துக்குள் என்பது கார் ஆடியோக்காரர்கள் எல்லா ஊரிலும் சொல்லும் கணக்கு. நான் ஒரு சாண் தாண்ட விடுவதில்லை. டெர்மினலுக்கும் பியூஸுக்கும் நடுவில் இருக்கும் துண்டு வயருக்குக் காவல் கிடையாது. அந்தத் துண்டு எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. அதற்கும் ஸ்லீவ் போட்டு, கூர்மையான தகடு எதிலும் உரசாமல் வையுங்கள்.

ஆக மூன்று பியூஸ். முன் பேட்டரியிடம் ஒன்று. அதே வயரின் மறுமுனையில், பின் பேட்டரியிடம் ஒன்று, அதே நம்பர். பின் பேட்டரியிலிருந்து ஆம்புக்குப் போகும் வயருக்குத் தனியாக ஒன்று. இந்த மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். "ஒரு மீட்டர்தானேண்ணே." ஒரு மீட்டர் எரிந்தாலும் டிக்கி எரியும். இரண்டு ஆம்ப் இருந்து, ஒரே மொத்த வயரை இரண்டு மெல்லிய வயராகப் பிரித்தால், பிரியும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் அதனதன் சைஸுக்குப் பியூஸ் வேண்டும். வயர் எங்கே மெலிகிறதோ அங்கே பியூஸ்.

கண்ணாடிக் குழாய் பியூஸைத் தவிர்த்துவிடுங்கள். மண் ரோட்டுக் குலுக்கலில் மூடி தளர்ந்து, பியூஸ் போகாமல் ஹோல்டர் உருகிய வண்டிகள் நிறைய வந்திருக்கின்றன. இரண்டு காதிலும் நட் போட்டு முறுக்கும் ஏஎன்எல் வகை நல்லது. ஹோல்டருக்கு மூடி கட்டாயம். இல்லாவிட்டால் டிக்கியில் ஸ்பேனர் உருண்டு விழுந்தே ஷார்ட் ஆகும். பியூஸ் போய்விட்டால் சிகரெட் தாள், செம்பு இழை, ஆணி என்று அங்கே வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இந்தக் கட்டுரையால் பயன் இல்லை.

வயர் நுனியில் மாட்டும் உலோகக் காதுதான் லக். அதை அழுத்துவது தனிக் கலை. சுத்தியலால் தட்டிய லக் பார்க்கக் கெட்டியாக இருக்கும், மூன்று மாதத்தில் சூடு காட்டும். ஹைட்ராலிக் கிரிம்பர் வைத்திருக்கும் பேனல் போர்டுக்காரர் எந்த ஊரிலும் ஒருவர் இருப்பார். வயரை அளந்து வெட்டி எடுத்துப் போனால் டீ குடிக்கும் நேரத்தில் அழுத்திக்கொடுத்துவிடுவார். வெறும் ஈயம் மட்டும் வைத்து ஒட்டாதீர்கள். சூடேறினால் இளகும்.

அடுத்தது ரிலே. சாதாரண ஹெட்லைட் ரிலே 30, 40 ஆம்பியருக்கு மேல் தாங்காது. செல்ஃப் மோட்டார் சோலனாய்டும் வேண்டாம், அது சில நொடி வேலைக்கு மட்டும் செய்தது. எட்டு மணி நேரம் பிடித்து நிற்கச் செய்த பெரிய ரிலே தனியாகக் கிடைக்கும், 200 ஆம்பியர் வகை. ரிலேயைத் தூண்டும் சின்ன வயருக்கும் 5 ஆம்பியர் பியூஸ் ஒன்று போடுங்கள்.

அந்தத் தூண்டும் வயரை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள். சாவியை ஆன் செய்ததும் கரண்ட் வரும் வயரில் கோர்த்துவிடுவார்கள். அப்போது செல்ஃப் அடிக்கும் முன்பே ரிலே ஒட்டிவிடும். டீசல் வண்டியின் செல்ஃப் 200 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதில் ஒரு பங்கைப் பின் பேட்டரி அந்த வயர் வழியாகக் கொடுக்கும். முதல் நாள் ஒன்றும் ஆகாது. குளிர்ந்த மார்கழிக் காலையில், முன் பேட்டரி சோர்ந்திருக்கும் நாளில், 100 ஆம்பியர் பியூஸ் போய்விடும். உடனே நம் ஆள் 200 போடுவார். இப்போது வண்டியில் பியூஸ் என்று ஒன்று இருக்கிறது, அது 25 ஸ்கொயர் வயர்.

அதனால் வோல்ட் பார்த்து ஒட்டும் ரிலேயையே நான் போடச் சொல்கிறேன். முன் பேட்டரி 13.3 வோல்ட் அளவுக்கு ஏறினால், அதாவது டைனமோ வேலை செய்கிறது என்று தெரிந்தால் ஒட்டும். 12.8 பக்கம் இறங்கினால் விட்டுவிடும். செல்ஃப் அடிக்கும்போது தானாகப் பிரிந்திருக்கும். காசு கொஞ்சம் கூட, தலைவலி குறைவு.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 வண்டிகள் சிலவற்றில் டைனமோ வோல்ட்டை வண்டிக் கம்ப்யூட்டரே ஏற்றி இறக்கும். நெகட்டிவ் டெர்மினலில் சின்னப் பெட்டி மாதிரி ஒரு சென்சார் தெரிந்தால் அந்த ரகம். அதில் இந்த ரிலே ஒட்டுவதும் விடுவதுமாகக் கிடக்கும். முன்னால் வோல்ட் ஏறி இறங்கினாலும் பின் பேட்டரிக்குச் சரியான வோல்ட்டைக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜர் போடுவதுதான் வழி. உங்கள் எர்த்தை நெகட்டிவ் டெர்மினலில் வைக்காமல் பாடியில் வையுங்கள், சென்சார் கணக்குத் தப்பாமல் இருக்கும். சார்ஜர் போட்டாலும் இரண்டு முனைப் பியூஸ் மாறாது.

எர்த் விஷயத்தில் சுமோ, பொலேரோ மாதிரி வண்டிகளுக்கு ஒரு குறிப்பு. இவற்றில் பாடி வேறு, சேசிஸ் வேறு, நடுவில் ரப்பர். பின் பேட்டரி நெகட்டிவை பாடியில் மட்டும் கொடுத்துவிட்டால் கரண்ட் திரும்பிவர வழி தேடி அலையும். ரப்பருக்கு இரண்டு பக்கமும் சேர்த்து, பாஸிட்டிவ் சைஸிலேயே ஒரு வயரை சேசிஸுக்கு இறக்குங்கள். பெயின்ட்டைச் சுரண்டி, பளிச்சென்று தகடு தெரிந்த பிறகு போல்ட்டை முறுக்குங்கள்.

பேட்டரி எதை வைப்பது? வண்டிக்குள் என்றால் மூடிய ஏஜிஎம் வகை. தண்ணீர் ஊற்றும் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறிக்கு வெடிக்கும் வாயு அது. கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் அது வேண்டாம். எதை வைத்தாலும் இரும்புத் தட்டில் வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கயிறு போதாது.

வயரைக் கொண்டுபோகும்போது தகட்டு ஓட்டை எல்லாவற்றிலும் ரப்பர் வளையம். முழு நீளத்துக்கும் வளையம் வளையமாக இருக்கும் கொருகேட் பைப். சைலன்சர் பக்கம் போகக் கூடாது, சீட் ரெயில் நகரும் இடத்தில் போகக் கூடாது.

இனி கோர்க்கும் வரிசை. முதலில் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி ஒதுக்கிக் கட்டுங்கள். வயர், ஹோல்டர், ரிலே, எர்த் எல்லாம் முடியட்டும். ஹோல்டர்களில் பியூஸ் இருக்கக் கூடாது. ஆம்பிலிருந்து வயரைப் பிரித்து வைத்துவிட்டு, மீட்டரைக் கன்டினியூட்டியில் (இரண்டு முனைக்கும் தொடர்பு இருந்தால் சத்தம் போடும் நிலை) வைத்து, வயருக்கும் பாடிக்கும் நடுவில் பாருங்கள். ரிலேயின் இரண்டு பக்கமும் தனித்தனியாகப் பாருங்கள். சத்தம் வந்தால் எங்கோ கடித்திருக்கிறது.

இரண்டு பேட்டரியையும் தனித்தனியாக முழுச் சார்ஜ் செய்து, இரண்டுக்கும் வித்தியாசம் 0.2 வோல்ட்டுக்குள் வந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். செத்த பேட்டரியை நல்லதோடு சேர்த்தால் முதல் நொடியிலேயே பெரிய கரண்ட் பாயும்.

அப்புறம் பியூஸ் போடும் முன் ஒரு காரியம். என் குருநாதர் டிராக்டர் வயரிங்கில் சொல்லிக்கொடுத்தது. 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயர் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். டெர்மினல்களைக் கோர்த்துவிட்டு, பின் ஹோல்டரில் பியூஸ் இருக்க வேண்டிய இரண்டு காதிலும் அந்த பல்பைத் தொடுங்கள். எஞ்சின் ஓடவில்லை, ரிலே திறந்திருக்கிறது, பல்பு எரியவே கூடாது. பளிச்சென்று எரிந்தால் வயர் பாடியில் பட்டிருக்கிறது. பல்பு 2 ஆம்பியருக்குள்தான் விடும் என்பதால் எதுவும் எரியாது, நிதானமாகத் தேடலாம். முன் ஹோல்டரிலும் இப்படியே. வோல்ட் பார்க்கும் ரிலேக்குச் சொட்டுக் கரண்ட் போகும், அதற்குப் பல்பு கண் சிமிட்டாது. ஆம்ப் வயரை மறுபடி மாட்டிவிட்டு அதன் ஹோல்டரில் தொட்டால் பல்பு ஒரு கணம் எரிந்து மங்கி அணையும். ஆம்புக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் நிரம்புகிறது, பயப்பட வேண்டாம். நிரம்பியதும் பல்பை எடுத்துவிட்டுப் பியூஸைப் போட்டால் பொறியும் தெறிக்காது.

மூன்று இடமும் சரி என்றால் பியூஸ்களை முறுக்கி, எஞ்சினைப் போட்டு, அரைமணி நேரம் நன்றாகப் பாட்டு ஓடவிடுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு லக்கையும் ஹோல்டரையும் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியவில்லை என்றால் அந்த இடத்தில் லக் சரியில்லை, பியூஸை மாற்றாமல் லக்கைத் திரும்ப அழுத்துங்கள்.

டேஷ்போர்டில் அதே நம்பரில் ஒரு பியூஸ் எப்போதும் இருக்கட்டும், ஒன்று போதும். போட்ட புது பியூஸும் போனால் மூன்று ஹோல்டரிலும் பியூஸைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியை ஓட்டி வாருங்கள், பாட்டு இல்லாமல் வீடு வரலாம்.

வேதாரண்யம், கோடியக்கரை, நாகை பக்கத்து வண்டிகளுக்கு வருடத்துக்கு இரண்டு தடவை ஹோல்டர் மூடியைத் திறக்க வேண்டும். உப்பளக் காற்றில் லக் பச்சை பூத்துவிடும். கழற்றி, தேய்த்து, முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். முறுக்கும் முன் தடவாதீர்கள்.

மற்றவர்களுக்கு வருடத்தில் ஒரு தடவை போதும், அது அறுவடை முடிந்த பிறகு. அந்தச் சுமோ இப்போதும் பங்குனியில் வருகிறது. கதவுப் படியின் பிளாஸ்டிக்கைக் கழற்றிப் பார்ப்பேன். போன தடவை உள்ளே ஒரு கைப்பிடி உமி கிடந்தது, பைப்பில் இரண்டு இடத்தில் பல் தடம். வயர் வரை எட்டவில்லை. பைப்பை மட்டும் மாற்றி, உமியைக் கூட்டித் தள்ளிவிட்டு அனுப்பினேன்.